பின் போட்டு இறுக்கவும்

ஆகஸ்டு 9, சனிக்கிழமை.

ஜூன் மாதத்தில் என் மகளின் இடக்கையில், பெருவிரலின் அடியில், ஏழு தையல் போட்டார்கள். விறகு பிளக்கும்போது கத்தியின் பிடி கழன்று, அலகு திரும்பிக் கையைக் கிழித்துவிட்டது. இது என் முறையீடு. நம் நடைப்பயணச் சங்கத்தின் சென்ற மாத மடலில் இதையே நீங்கள் படித்திருப்பீர்கள். கத்தியை விற்ற பட்டறைக்காரப் பெண்மணிதான் குற்றவாளி என்று அதில் எழுதியிருந்தேன். முறையீட்டில் மாற்றமில்லை. குற்றவாளி வேறு ஆள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் மகளுக்குக் காட்டில் மரங்களைக் கணக்கெடுக்கும் வேலை. மாதத்தில் மூன்று வாரம் கூடாரத்தில்தான் இருப்பாள். எல்லைக் குச்சி சீவவும், நனைந்த கட்டையைப் பிளந்து உள்ளே காய்ந்திருப்பதை எடுக்கவும் அவளுக்கு ஒரு கத்தி வேண்டும். ஏப்ரலில் வீட்டிற்கு வந்தபோது, "அப்பா, என் மடக்குக் கத்தி அழுத்தினா விரல் மேலயே மடங்குது. வெலை கம்மியா, உறுதியா ஒண்ணு பாத்து வைங்க. நீங்கதான் எதையும் நாலு தடவை படிச்சுட்டு வாங்குவீங்களே" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கடைகளில் இருந்தவற்றைப் பார்த்தேன். ஒன்றின் பிடிக்குள் திசைகாட்டி வைத்திருந்தார்கள். பிடி உள்ளீடற்றது, இரண்டு தட்டுத் தட்டினால் அலகு ஒரு திசையிலும் பிடி மறு திசையிலும் போகும். இன்னொன்றின் முதுகில் ரம்பப் பல் இருந்தது. கட்டையால் அடித்து விறகு பிளக்க வேண்டிய முதுகு அது. உருப்படியான கத்தியோ ஓய்வூதியக்காரன் எட்டும் உயரத்தில் இல்லை. கடைசியில், ரயில்வே பாலத்துக்குக் கீழே பட்டறை வைத்திருக்கும் பெண்மணியிடம் தனித்தனிப் பாகங்களாக வாங்கினேன். நாலு அங்குல அலகு. இரும்பு பிடியின் கடைக்கோடி வரை ஒரே துண்டாக ஓடியது. அதன் இருபுறமும் பொருத்த இரண்டு மரப் பலகைகள், இரண்டு குழாய்ப் பசை, ஒரு தோல் உறை, ஒரு செய்முறைத் தாள். நாமே பொருத்திக்கொண்டால் பாதி விலை. தேர்வில் நான் தவறவில்லை. இதை இன்றும் சொல்வேன்.

தவறு அந்தத் தாளில் தொடங்கியது. அரைப்பக்கத்தில் பத்தொன்பது ஒற்றுப்பிழைகள். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கத்தியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஐந்தாம் வரி இப்படி இருந்தது:

"பசை தடவி பின் போட்டு கவ்வி வைத்து இறுக்கவும்."

'தடவி' என்பதன் பின் வல்லினம் மிக வேண்டும், மிகவில்லை. பசையைத் தடவியபின் போட வேண்டும், சரி. எதைப் போட வேண்டும்? ஓரத்தில், "செயப்படுபொருள் எங்கே?" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பிறகு வரியையே மாற்றினேன்: "பசையைத் தடவிய பின்னர்ப் பலகைகளைப் பொருத்திக் கவ்வியால் இறுக்கவும்."

பொட்டலத்தின் அடியில், பெருவிரல் நகத்தளவு நீளத்தில் இரண்டு பித்தளைத் துண்டுகள் கிடந்தன. பட்டறைக் கழிவு என்று முடிவு செய்தேன். அலகில் இரண்டு துளைகளும், பலகைகளின் உட்புறத்தில் அதே அளவில் குழிகளும் இருந்தன. பசை இறங்கிப் பிடித்துக்கொள்வதற்காக என்று அதற்கும் ஒரு விளக்கத்தை நானே கற்பித்துக்கொண்டேன். திருத்திய தாளை வண்ண நகல் எடுத்து வைத்துக்கொண்டு அஞ்சலில் திருப்பி அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். "எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரைக் கேட்டு எழுதுவதே முறை. பொட்டலத்தில் குப்பையையும் சேர்த்து அனுப்புவது முறையன்று" என்பது அதன் கடைசி வரி. எழுதி முடித்ததும் ஒரு திருப்தி ஏற்பட்டது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

என் திருத்தத்தின்படியே கத்தியைப் பொருத்தினேன். பலகைகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியில் ஒரு நாள் இறுக்கி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மகள் கையில் பிடித்துப் பார்த்து, "கடையில வாங்கின மாதிரி இருக்குப்பா" என்றாள். மே மாதம் காட்டுக்குப் போனாள். ஜூன் நடுவில் கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்தாள். "ஒண்ணுமில்லப்பா, நான்தான் அவசரப்பட்டு அடிச்சுட்டேன்" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். நான் அதை ஏற்கவில்லை. யாரைச் சொல்வது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அன்று மாலையே மடலுக்கு எழுதினேன். இரண்டு பக்கம், ஒரு பிழைகூட இல்லை.

மடல் வந்த மறுவாரம், அதாவது ஜூலைக் கடைசியில், என் மனைவி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். தையல் அவள் தொழில். எதிர் நாற்காலியில் மகள் இருந்தாள். பெருவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. முறையீட்டின் நகல்களோடு அந்தத் தாளின் நகலும் மேசையில் கிடந்தது. மனைவி அதை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தாள்.

"என்னங்க, இந்த எடத்துல ஏன் செவப்புல கிறுக்கி வச்சிருக்கீங்க?"

"அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை."

"அது என்ன எழவோ எனக்குத் தெரியாது. 'பசை தடவி, பின் போட்டு, இறுக்கவும்'. சரியாத்தானே எழுதியிருக்கா?"

"எதைப் போடுவது? அதைத்தானே கேட்கிறேன்!"

"பின்னைப் போடுங்க!"

எனக்கு விளங்கவில்லை.

"பின்னுங்க, பின்னு! நான் துணியில தெனமும் போடுறேனே, அந்தப் பின்னு. 'குண்டூசின்னு சொல்லு, குண்டூசின்னு சொல்லு'ன்னு முப்பது வருஷமா என் உசுரை வாங்குவீங்களே, அதே பின்னு. மரத்துக்குப் போடுறது கொஞ்சம் தடியா இருக்கும், அவ்வளவுதான்."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். மனைவி தன் ஊசிக் கிண்ணத்தைக் கிளறி இரண்டு பித்தளைத் துண்டுகளை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"உங்க மேசையைப் பெருக்கும்போது கெடைச்சுது. எதுக்காவது ஆகும்னு போட்டு வச்சேன். இதானே?"

அதுதான். வாக்கியத்தின் நடுவே செயப்படுபொருள் உட்கார்ந்திருக்க, அதன் தலைக்கு மேலேயே "எங்கே?" என்று கேட்டு அடிக்கோடிட்டவன் நான். ஆங்கிலச் சொல் என் வீட்டிற்குள் வராது என்ற இறுமாப்பில், அது வந்து நின்றதைக்கூடக் கண்ணால் காணவில்லை. கழன்று வந்த பலகையின் உட்புறத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். இரண்டு குழிகளிலும் பசை மட்டும் கண்ணாடிபோல் உறைந்திருந்தது.

"விடுங்கப்பா. கை சரியாயிடும்" என்றாள் மகள். ஏதாவது திட்டியிருக்கலாம்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். தேய்ப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெண்மணி எழுந்து வந்தார். மடலை அவரும் படித்திருந்தார். ஆனாலும் அவர் முதலில் கேட்டது வேறு.

"பொண்ணு கை எப்படி இருக்குங்க ஐயா?"

"ஆறி வருகிறது. அம்மா, தவறு என்னுடையது. நான் பின்னைப் போடவில்லை."

"போடலையா? தாள்லதான் போட்டிருக்குதே!"

"அதை நான் வேறு விதமாகப் படித்துவிட்டேன்."

அவர் ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரியெல்லாம் தூக்கமில்லைங்க. எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு எல்லாக் கத்தியையும் தட்டித் தட்டிப் பாத்தேன். மடல் வந்ததுல இருந்து ஒரு ஆள் படியேறல" என்றார். மன்னிப்புக் கேட்டேன். இலக்கணப்படி குறையில்லாமல்தான் கேட்டேன். அது என் காதுக்கே நாராசமாக இருந்தது.

போகட்டும் என்பதுபோல் அவர் சுவரைக் காட்டினார். அங்கே என் சிவப்பு மைத் தாள் ஒட்டியிருந்தது.

"நீங்க கடுதாசியில திட்டியிருந்தது கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, நீங்க திருத்தினபடியே ஒரு புள்ளி மாத்தாம புதுசா அச்சடிச்சுட்டேங்க ஐயா. உங்க சங்கத்து ஆண்டுக் கூட்டத்துல கடை போட்டேனே, அங்க கொடுத்ததெல்லாம் புதுத் தாள்தான்."

"அச்சாகி வந்த பிறகு படித்துப் பார்த்தீர்களா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? எனக்குத்தான் மனப்பாடமாச்சே. அதுவும் வாத்தியார் பாத்தது."

புதுத் தாளை வாங்கிப் பார்த்தேன். பிழையற்ற தமிழ். பின் என்ற பொருளே அதில் இல்லை.

"எத்தனை கொடுத்தீர்கள்?"

"முப்பத்தெட்டுங்க."

"யார் யாருக்கு?"

"கூட்டத்துல வாங்கினவங்க பேரெல்லாம் யாரு கேட்டா?" என்றவர், நான் தாளை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அதை வாங்கி, முதன்முறையாகத் தானும் படித்தார். ஐந்தாம் வரியில் அவர் விரல் நின்றுவிட்டது. "ஐயோ" என்றார்.

பின் வெளியே தெரியாத அமைப்பு அது. பொருத்தி முடித்துவிட்டால், பின் உள்ள பிடியும் இல்லாத பிடியும் பார்வைக்கு ஒன்றே. கேட்டுக் கண்டுபிடிக்க முகவரிகளும் இல்லை. இந்த மடல் ஒன்றுதான் வழி. என் மகளின் கை போதும். இரண்டாவதாக இன்னொரு கை கிழிய நான் காரணமாக இருக்க முடியாது.

எனவே, ஆண்டுக் கூட்டத்திலோ பட்டறையிலோ அந்தக் கத்தியை வாங்கியவரே, இப்போதே எழுந்து போய்ச் செய்முறைத் தாளை எடுத்து ஐந்தாம் வரியைப் படியுங்கள். ஒற்றுப்பிழை மலிந்த தாளாக இருந்தால் அஞ்ச வேண்டாம். அது சொன்னபடி செய்திருந்தால் உங்கள் கத்தி உறுதியானது. பிழையே இல்லாத தாளாக இருந்தால் கத்தியைக் கீழே வையுங்கள். ஒரு குச்சியைக்கூடச் சீவாதீர்கள். அதை ரயில்வே பாலத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பிடியைப் பிரித்துப் பின் போட்டுத் தருவார், கூலி என் பொறுப்பு. அந்தத் தாளை மட்டும் எனக்கு அனுப்புங்கள். முப்பத்தெட்டும் என் கைக்கு வந்து சேர வேண்டும்.