ஆரஞ்சுக்குக் கீழே ஒரு குழாய்

சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், ஒரு நூல் கடையின் மாடியில் இருந்தது செல்வக்குமாரின் நில அளவை அலுவலகம். வெயிலில் அலைந்து அளப்பது அவர் வேலை. அளந்து வந்ததைக் கணினியில் வரைபடமாக்குவது விஜிதாவின் வேலை. பிள்ளை பெற்று இரண்டு வருஷம் புளியங்குடியில் வீட்டோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். அதற்குப் பிறகு முழுப் பொறுப்போடு அவள் கைக்கு வந்த முதல் படம் இது.

கீழ்ப்பக்கத்துத் தெருக்களில் சாக்கடைக்காகத் தோண்டப் போகிறார்கள். மண்ணுக்குள் எது எங்கே ஓடுகிறது என்று தெரிந்து தோண்ட ஒப்பந்தக்காரருக்குப் படம் வேண்டும். அப்படிப்பட்ட படத்தில் மூன்று வகைதான். தெருக்குழாயும் வால்வும் புள்ளிகள். தண்ணீர்க் குழாய் கோடு. தோண்டப் போகிற இடம் பரப்பு. ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித் தாளில் வரைந்தது மாதிரி தனித்தனி அடுக்கு. எது மேலே, எது கீழே, எதற்கு என்ன நிறம் என்பதெல்லாம் படம் போடுகிறவர் கையில்.

தோண்டுகிற இடம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கேட்டிருந்தார். விஜிதா அந்தப் பரப்புக்கு அழுத்தமான ஆரஞ்சு கொடுத்தாள். கொடுத்ததும் தெருக்குழாய்ப் புள்ளிகள் அதற்கடியில் மறைந்து போயின. புள்ளி அடுக்கை மேலே இழுத்து வைத்தாள். ஆரஞ்சின் மேல் நீலப் புள்ளிகள் அழகாக உட்கார்ந்தன. செல்வக்குமாரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் காலை அவள் வந்து உட்கார்ந்ததும் ஒப்பந்தக்காரர் அலுவலகத்திலிருந்து போன். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் ஆரஞ்சு முழுக்க ஒரே கறுப்பாக விழுகிறது, வேறு மாதிரி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். சரியென்று சொல்லி, மாற்றுவதற்காக அந்த ஆரஞ்சு அடுக்கை ஒரு நிமிஷம் அணைத்தாள்.

கீழத்தறித் தெருவின் நீளத்துக்கும் ஒரு கனத்த நீலக் கோடு தெரிந்தது.

கிழக்கு வார்டுகளுக்குப் போகிற முக்கியக் குழாய் அது. புள்ளிகளை மட்டும் மேலே எடுத்தவள், கோட்டை அப்படியே அடியில் விட்டுவிட்டிருந்தாள். ஊர் முழுவதும் காட்டுகிற பெரிய தாளில் அது ஒரு சின்ன இடைவெளி, கண்ணுக்குப் படாது. ஆனால் ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தாள் கொடுத்திருந்தாள். கீழத்தறித் தெருத் தாளில் ஆரஞ்சு தெருவையே அடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளை நம்பினால் அந்தத் தெருவில் குழாயே கிடையாது.

இன்று அந்தத் தெருவில்தான் வேலை. எட்டு மணிக்கு ஜேசிபியை இறக்குவார்கள், இப்போது எட்டே முக்கால். போதாததற்கு, ஒன்பது நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுகிற அந்த வார்டுகளுக்கு இன்றைக்குத்தான் முறை.

வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரி குருசாமிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. ஜேசிபி இரைச்சலில் யாருக்குக் கேட்கும். செல்வக்குமார் வாசுதேவநல்லூரில் ஒரு வயலை அளந்துகொண்டிருந்தார். அவரிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"வண்டிச் சாவி மேசையில கெடக்கு. நீ போ. நானும் குருசாமிய அடிச்சுப் பாக்கேன்" என்றார்.

சந்தைக்கு வந்த லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்து ஓட்டினாள். கீழத்தறித் தெருவை நெருங்கியதும் தறிகளின் சத்தம் கேட்டது. ஜேசிபி சத்தம் மட்டும் கேட்கவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. இன்னும் ஆரம்பிக்கவில்லையா, இல்லை உடைத்துவிட்டு நிறுத்திவிட்டார்களா?

திரும்பியதும் முதலில் தரையைத்தான் பார்த்தாள். பத்தடி நீளத்துக்குத் தார் உரிந்து கிடந்தது. ஈரம் இல்லை. வெறும் புழுதி. தெருக்குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஜேசிபி வாளியைத் தரையில் ஊன்றிச் சும்மா நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

தறிக்கூடத்து நிழலில் குருசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். தோண்டியாச்சா என்று அவரிடம் கேட்டாள்.

"எங்கன தோண்ட? அரை மணி நேரமா இவரு உங்க படத்த மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று சலித்துக்கொண்டு ஜேசிபி ஓட்டுநரைக் காட்டினார். இந்தக் குழப்பத்தில் போனை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டதாகவும் சொன்னார்.

ஓட்டுநர் பெயர் பெத்துராஜ். நாற்பது வயதிருக்கும். ஜேசிபியின் படியில் உட்கார்ந்திருந்தவர், படம் போட்டது அவள்தான் என்று தெரிந்ததும் தாளை நீட்டினார்.

"தெருக்குழாய்னு எட்டுப் புள்ளி வச்சிருக்கீய மேடம். எட்டும் இந்தத் தெருவுல நிக்கி, நான் நடந்து எண்ணிப் பாத்துட்டேன். அப்பம் அதுக்குத் தண்ணி கொண்டு வார கோடு எங்க? அது தெரியாம நான் வாளிய இறக்க மாட்டேன்."

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"குழாய் இருக்கு அண்ணாச்சி. இந்த ஆரஞ்சுக்குக் கீழ நான்தான் மறைச்சிட்டேன்" என்றாள்.

ஆரஞ்சை அணைத்துப் போனில் எடுத்து வந்திருந்த படத்தைக் காட்டினாள். பெத்துராஜ் அதையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். திட்டவில்லை. முன்பொரு ஊரில் இதே மாதிரி ஒரு குழாயை உடைத்துவிட்டதாகவும், அந்த வேலை முடிகிறவரை அந்தத் தெருக்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தே வண்டி ஓட்டியதாகவும் மட்டும் சொன்னார்.

இரண்டு ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். இரண்டரை அடியில் 'ணங்' என்றது. மண்ணைக் கையால் ஒதுக்கினார்கள். கறுத்த இரும்புக் குழாய், தார் உரித்த இடத்துக்கு நேர் கீழே, முழுசாக இருந்தது. இன்னும் இரண்டு வாளி அள்ளியிருந்தால் போதும். குருசாமி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சலித்துக்கொள்ளவில்லை. சாக்கடையை மூன்றடி தள்ளிக்கொள்ளலாம் என்று அவரே கயிறு பிடித்துக் கோடு போட ஆரம்பித்தார்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் குழாய்க்குள் காற்று சீறியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது. வரிசையில் முன்னால் நின்ற சுந்தரம்மாளுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஒரு பெண் வெயிலில் நிற்கிறாளே என்று ஒரு செம்பு பிடித்துக் கொடுத்தாள். விஜிதா பாதியைக் குடித்தாள். மீதியை முகத்தில் அடித்துக்கொண்டபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முகம் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி எல்லாத் தாளையும் மாற்றினாள். பரப்பை அடியில் வைத்து, முழு நிறத்தை எடுத்துவிட்டு மெல்லிய சாய்கோடுகளாக்கினாள். அதற்கு மேல் குழாய்க் கோடு, எந்த நிறத்தின் மேலும் தெரிகிற மாதிரி இருபுறமும் வெள்ளைக் கரை கட்டி. எல்லாவற்றுக்கும் மேலே புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தும் பார்த்தாள். எல்லாம் தெரிந்தது.

மூன்று மணிக்குச் செல்வக்குமார் கால்சட்டையெல்லாம் சேறாக வந்து சேர்ந்தார். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று அவள் மனசுக்குள் ஒப்பித்து வைத்திருந்தாள். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"எட்டுப் புள்ளியையும் நானும்தான் பாத்தேன் விஜி. கோடு எங்கன்னு எனக்கும் கேக்கத் தோணலயே" என்றார்.

இனிமேல் எந்தப் படமும் தோண்டுகிறவர் பார்த்துவிட்டுச் சரியென்று சொன்ன பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு என்று முடிவு செய்தார். உடனே புதுத் தாளைப் பெத்துராஜுக்கு அனுப்பச் சொன்னார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. படம் நல்லா இருக்கு, கோட்டுக்குப் பக்கத்தில் ஆழத்தையும் எழுதினால் இன்னும் நல்லது என்றார். ஆழம் தெரிந்த இடங்களில் எல்லாம் எழுதினாள். கீழத்தறித் தெருவில் இரண்டரை அடி என்று போட்டாள். அதைத்தான் கண்ணால் பார்த்திருந்தாளே.

சாயங்காலம் புளியங்குடி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிப் போனாள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.