துணையின் பெயர்

அரசாங்கம் யாருக்குப் பணம் கொடுத்தாலும் அது ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது சட்டம். தெரியவைப்பது அவள் வேலை. காலாண்டு முடிந்ததும் துறை கொடுத்த மானியம் ஒவ்வொன்றையும், யாருக்கு, எந்த ஊரில், எதற்காக என்று இணையதளத்தில் ஏற்றுவாள். தயவுதாட்சண்யம் கிடையாது. ஒருமுறை அமைச்சரின் மருமகன் பெயர் வந்தது. அதையும் ஏற்றினாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு டார்ச் என்று பெயர்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். சிறுகடைகளுக்கான பகுதி மட்டும் மிச்சம். கடைக்காரர் ஓர் உதவியாளை வைத்துக்கொண்டால் கூலியில் பாதியை அரசாங்கம் தரும். விண்ணப்பத்தில் 'துணையின் பெயர்' என்று கேட்டிருப்பார்கள். கேட்பது உதவியாளின் பெயரை. எழுதுகிறவர்களுக்கு அது விளங்கினால்தானே.

"ஒரு சலூன்காரர் 'கடவுள் துணை'ன்னு எழுதியிருக்கார், டார்ச்," என்றார் பக்கத்து மேசைக் கணக்காளர். மனைவியை இழந்து தனியாக இருப்பவர். "கடவுளுக்கு எந்த பேங்க்ல அக்கவுண்ட் இருக்குன்னு கேட்டு எழுதிட்டேன்."

அவள் சிரித்தாள். அடுத்த வரிக்குப் போனதும் சிரிப்பு அப்படியே நின்றது.

போட்டோவுக்குக் கண்ணாடி போடும் பிரேம் கடை. அவளுடைய தம்பியின் கடை. துணை என்ற இடத்தில் தம்பி மனைவியின் பெயர்.

தம்பி மனைவி போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டதும், கடைசியாக முகத்தைத் துடைத்துவிட்டதும் நாத்தனாரான இவள்தான். தம்பி படித்தவன், ஆனாலும் துணை என்றதும் அவன் கைக்கு வேறு எந்தப் பெயர் வரும்? அவன் எழுதியது புரிந்தது. மானியம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் புரியவில்லை. கள ஆய்வாளர் நேரில் போய்த் துணையைப் பார்க்காமல் ஒரு காசு நகராது.

ஆய்வாளர் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த பிரேம் கடைக்கு நேர்ல போனீங்களா? இல்ல, உட்கார்ந்த இடத்துலயே கையெழுத்தா?"

"என்ன மேடம், இப்படிக் கேட்டுட்டீங்க? கொளுத்துற வெயில்ல போனேன். அந்தம்மாதான் தண்ணி கொடுத்தாங்க."

"எந்தம்மா?"

"துணைதான். உள்ளே கண்ணாடி வெட்டிட்டு இருந்தாங்க. இடது கைப் பழக்கம்போல. ஒரு வார்த்தை பேசல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணுதான் மேடம் புரியல. தண்ணி அப்படிச் சில்லுனு இருந்துச்சு, பல்லு கூசிப் போச்சு. அந்தக் கடையில பிரிட்ஜ் கிடையாது."

கல்யாணமான புதிதில் தம்பி மனைவியைப் 'பீச்சாங்கை ராணி' என்று கூப்பிட்டு அழவைத்தவள் இவள். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடையின் சுவரெல்லாம் யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், பிரேம் போட்டு எடுத்துப் போக யாரும் வராத குடும்பங்கள். தம்பி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாகிப் போயிருந்தவன் முகத்தில் சதை பிடித்திருந்தது. சவரம் செய்திருந்தான். சட்டைக்குப் பொத்தான் தைக்கப்பட்டிருந்தது.

"வாக்கா."

"என்னடா பண்ணி வெச்சிருக்க? இது மோசடிடா. பேரை ஏத்தினா நாளைக்கே எவன் கண்ணுலயாவது படும். கடைக்கு சீல் வைப்பாங்க. உன்னைத் தூக்கி உள்ளே போடுவாங்க. எனக்கும் வேலை போகும்."

"காசைத் தொடல. அப்படியே கிடக்கு."

"அப்புறம் எதுக்குடா அவ பேரு?"

அவன் எதிரில் கிடந்த துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"பேங்க்ல அவ பேரை எடுத்தாங்க. போன்ல எடுத்தாங்க. வாடகைப் பத்திரத்துல எடுத்தாங்க. எல்லாத்துக்கும் நான்தான் போய் கியூவுல நின்னேன். நானே எடுத்துக் கொடுத்தேன்." மடித்த துணியைக் கல்லாமேல் வைத்தான். "இந்த ஒரு இடத்துலதான் பேரு நிக்குது. எழுதின மறுநாள் வந்துட்டா."

"யாரு?"

மோவாயை உட்பக்கத் திரையை நோக்கி அசைத்தான்.

அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. கண்ணாடிமேல் கட்டர் ஓடும் கிரீச் சத்தம், நீளமாக. ஒரு மூச்சு விடும் இடைவெளி. பிறகு, டக். கண்ணாடி கோட்டோடு பிரியும் சத்தம். தம்பியின் இரண்டு கைகளும் அவள் கண்ணெதிரே கல்லாவின் மேல் இருந்தன.

திரையின் ஓரமாக வெட்டிய கண்ணாடி ஒன்று நீண்டது. தம்பி திரும்பிப் பார்க்காமலே, பல வருஷப் பழக்கம்போல, கையை நீட்டி வாங்கினான். கண்ணாடியின் விளிம்பில், விரல் பிடித்த இடத்தில் மட்டும் பனி பூத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

திரை எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. அவளுக்குக் கை எழவில்லை.

"பேரோட போடுக்கா," என்றான். "வேற ஒண்ணும் கேக்கல."

அலுவலகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். அவன் ஜெயிலுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் அவள் மனதில் ஓடியது. அந்தப் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் தம்பியின் பெயரையே அடித்தாள். பிறகு விசாரணை வந்தால் எழுத்துப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். ஏற்றும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. அதற்குள் கைபேசி அதிர்ந்தது.

"என்னக்கா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையேடா."

"கண்ணாடியில கோடு பாதியில நிக்குது."

அவனுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போனபிறகு, அழாமல், பேசாமல், இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு மாதக்கணக்காக, தட்டில் போட்ட சோறு காய்ந்துபோகும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெயிலில் போட்டால் மனுஷன் என்றைக்காவது வெளியே வருவான். அந்த மூச்சுக்குள் போனவன் இன்னொரு முறை வருவானா?

"இருடா, வெச்சிடாதே," என்றாள்.

தம்பியின் பெயரை அழித்தாள். தம்பி மனைவி பெயரின் முதல் எழுத்தை அடித்தாள். இரண்டாவது எழுத்து. மூன்றாவதில் போனுக்குள் கிரீச்சென்று ஆரம்பித்தது. அவளுடைய விரலோடு சேர்ந்து அதுவும் நகர்ந்தது. விரல் தயங்கிய இடத்தில் தயங்கியது. கடைசி எழுத்து விழுந்ததும், டக்.

"சரிக்கா," என்று போனை வைத்துவிட்டான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். உலகம் முழுக்கப் பார்க்கட்டும் என்று பக்கம் திறந்துகொண்டது.

கணக்காளர் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். மேலிருந்து கீழே வந்த அவருடைய கண் ஓரிடத்தில் நின்றது.

"டார்ச், இந்தப் பேரு... உங்க தம்பி சம்சாரம் இல்ல? நாமெல்லாம் துக்கத்துக்குப் போனோமே?"

"ஆமா சார்."

"அப்போ இது?"

"வேலைக்கு வந்துட்டு இருக்கா. ஆய்வாளர் நேர்ல பாத்திருக்கார்."

வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். திரையில் அந்த வரியை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு அடுத்த மனு எப்ப வாங்குறாங்க?"

"கடை வெச்சிருக்கவங்களுக்குத்தான் சார் இது."

"அதுக்கென்ன," என்றார் கணக்காளர். "ஒரு கடை போட்டுக்கலாம்."