விடுபட்ட கல்லூரி

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துக் கொமியூனிகேஷன் கடையில் பத்மாவதி ஒரு மணித்தியாலமாக நின்றாள். வெளிநாட்டுக்குக் கதைக்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகுதான், டைப் செய்யும் லுத்பியா அவளுடைய வேலைக்கான சுயவிபரத் தாளைக் கையில் எடுத்தாள்.

"இதென்ன, ரெண்டு கொலேஜ் போட்டிருக்கீங்க?"

"முதல் ரெண்டு வருஷம் கிளிநொச்சியில படிச்சனான் அக்கா. சண்டையில இடம்பெயர்ந்து வந்துதான் இஞ்ச கடைசி வருஷத்துக்குச் சேர்ந்தனான்."

லுத்பியா குரலைத் தாழ்த்தினாள். "கிளிநொச்சின்னு கண்டா, புலிகள்ட எடம்னு மத்தப் பக்கத்தப் பொரட்டவே மாட்டாங்க தங்கச்சி. இங்க படிச்சத மட்டும் போடுவோம்."

கணக்கியலில் அவள் முதலாவதாக வந்தது கிளிநொச்சிக் கல்லூரியில்தான். அதிபர் கொடுத்த கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றி, வவுனியா முகாம் வரைக்கும் நனையாமல் கொண்டுவந்திருந்தாள். ஆனால் லொட்ஜில் தங்குவதற்குப் பொலிஸ் கொடுத்த பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலைக் கடிதம் இருந்தால்தான் நீட்டுவார்கள். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பவேண்டும்.

"சரி அக்கா, வெட்டுங்கோ."

கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கொம்பனி ஒன்று அவளைப் புதன்கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மனேஜர் சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்புக்கு வந்து இருபது வருடம். கொடுத்த கணக்கை அவள் பத்து நிமிடத்தில் செய்து நீட்டினாள். அவர் சரிபார்த்துத் தலையாட்டினார். பிறகு அவளுடைய தாளில் விரலை வைத்தார்.

"ஏ லெவல் சோதினை எடுத்தது தொண்ணூற்றி நாலு. கொலேஜில சேர்ந்தது தொண்ணூற்றி ஏழு. இடையில எங்க நிண்டனீர்?"

மறைக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவள் உள்ளதைச் சொன்னாள்.

"அப்ப ஏன் அதைப் போடேல்ல?"

"போட்டால் கூப்பிடமாட்டினம் எண்டு பயத்தில..."

"ஓம், கூப்பிட்டிருக்கமாட்டம்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா விட்டது அதைவிடப் பிழையாப் போச்சு, பிள்ளை. மூண்டு வருஷம் ஆரோட நிண்டவள் எண்டு மேல கேப்பினம்."

அவள் அதிபரின் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். "படிச்சதுக்கு இது சாட்சி, சேர்."

அவர் முதல் வரியை வாசித்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யாரோ நடந்து போனார்கள். உடனே கடிதத்தைக் கவிழ்த்து அவள் பக்கம் தள்ளினார்.

"உள்ள வையும். நானும் தமிழன். உம்மை எடுத்தால் நாளைக்கு என்னையெல்லோ கூப்பிட்டு விசாரிப்பாங்கள்?"

அவள் எழும்பிக் கதவைத் தாண்டுகையில், பின்னால் அவர் டெலிபோனில் சிங்களத்தில் ஏதோ சொல்வது கேட்டது.

உள்ளே வரும்போது "போங்க நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லிச் சிரித்துக் கதவைத் திறந்த வாசல் காவலாளி, இப்போது டெலிபோனை வைத்துவிட்டுக் கையை நீட்டி மறித்தான். கைப்பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினான். சீப்பு, பஸ் டிக்கெட், சாப்பாட்டுப் பெட்டி. பெட்டியைத் திறக்கச் சொன்னான். மூடியைக் கையில் வைத்தபடி அவள் நின்றாள். நேர்முகத்துக்குக் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

காவலாளி தன் பேனையை இடியப்பத்துக்குள் விட்டு அடிவரைக்கும் கிளறினான். ஒன்றும் இல்லை. பேனையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, அதே பேனையால் அவளுடைய பெயரையும் இலக்கத்தையும் கொப்பியில் எழுதத் தொடங்கினான்.