மூடியைத் திறக்கச் சொன்னவன்

படகு முழுதாக நிற்கும் முன்பே றெனால்ட் குதித்துவிட்டான். இடுப்பளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரையை நோக்கி ஓடினான். வென்ற படகு ஏற்கெனவே கரைக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் அதன் எஞ்சினைத் தூக்குவதற்காகத் திருகாணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"எஞ்சினில கை வைக்காதேங்கோ. முறைப்பாடு இருக்கு."

அந்த எஞ்சின் மண்ணைத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். பள்ளிமுனைப் பெருநாள் படகோட்டத்தின் சட்டம் அப்படி. வென்றவனுடைய எஞ்சின் படகில் இருக்கும்வரைதான் தோற்றவன் வாய் திறக்கலாம்.

தூக்க வந்தவர்கள் கையை எடுத்தார்கள். படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த டினேஷ் திரும்பிப் பார்த்தான். கம்பனியின் சிவப்புச் சட்டை, முதுகில் அவனுடைய பெயர். அந்தச் சட்டையைக் காணும்போதெல்லாம் றெனால்ட் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"என்ன அத்தான், என்ன பிரச்சினை?"

"உன்ர எஞ்சின்தான்ரா பிரச்சினை."

டினேஷ் வேறு யாருமில்லை. றெனால்டின் மனைவி நிறஞ்சலாவின் தம்பி. றெனால்டின் படகில் பின்னால் நின்று கடல் பழகியவன். மூன்று மாதத்துக்கு முன்பு வரை இருவரும் ஒரே கோப்பையில் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்புதான் கம்பனி வந்தது. வெளியிணைப்பு எஞ்சின் விற்கும் கொழும்புக் கம்பனி. மன்னாரில் படகோட்டும் ஒருவனைத் தெரிந்தெடுத்து, புது எஞ்சின், எண்ணெய், உதிரிப்பாகம் எல்லாம் இலவசமாகக் கொடுத்து, நீர்கொழும்பு ஓட்டத்துக்கும் அனுப்புவதாகச் சொன்னது. சிலாவத்துறையில் அந்தக் கம்பனியின் முகவர் ஜுனைதீன். கடற்கரையில் ஒரு நாள் நின்று எல்லாரும் படகோட்டுவதைப் பார்த்தார். டினேஷைக் காட்டினார்.

நான்கு பெருநாள் வென்ற றெனால்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஜுனைதீன் கடை வாசலில் டினேஷின் படம் தொங்கியது. றெனால்ட் அந்தப் பக்கம் எண்ணெய் வாங்கப் போவதை நிறுத்தினான். கலியாண வீடுகளில் டினேஷைக் கண்டால் பொடியள் "கம்பனி வாறார், கதிரை குடுங்கோ" என்று பகிடி விடுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். றெனால்டும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சோற்றைத் தள்ளி வைப்பான்.

ஓட்டக்குழுவின் கூட்டத்திலும் சண்டை பிடித்தான். "ஸ்ரொக் ஓட்டம் எண்டா கடையில வாங்கினபடி ஓடுற எஞ்சின். கம்பனி குடுத்த எஞ்சின் எப்பிடி ஸ்ரொக் ஆகும்? ஆயிரத்தில ஒண்டைப் பொறுக்கி அனுப்பியிருப்பினம்."

"அதே மொடல், அதே பதினைஞ்சு குதிரைவலு தம்பி. உங்களிட்ட இருக்கிற அதேதான்" என்றார் ஜுனைதீன். "கையால ஒரு இடமும் அராவேல்ல, துளைக்கேல்ல. அளந்து பாருங்கோ."

குழுத் தலைவர் பெனடிக்ற் அளந்து பார்த்தார். எல்லாம் சட்டப்படி இருந்தது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது. றெனால்டுக்கு மட்டும் முடியவில்லை.

இப்போது பெனடிக்ற் விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஜுனைதீன், குடையோடு.

"சொல்லு றெனால்ட்."

"எஞ்சினைத் திறவுங்கோ அண்ணை. உள்ளுக்க வேலை செய்திருக்கு."

"எப்பிடித் தெரியும்?"

"என்ர எஞ்சின் இண்டைக்கு ஓடினமாதிரி ஒரு நாளும் ஓடேல்ல. கயித்தை இழுத்த உடன பத்தினது. முழு வேகத்தில பிடிக்கேக்க முன்பக்கம் நிமிந்து வானத்தைப் பாத்தது. ஆறு வருசத்தில இப்பிடி ஒரு இழுவை நான் கண்டதில்லை. அந்த ஓட்டத்தையே இவன் அரைப் படகால வெட்டினவன். கள்ளமில்லாம அது நடக்குமோ?"

சுற்றி நின்ற சனம் முணுமுணுத்தது. அவன் சொன்னது பொய்யில்லை. தொடக்கக் கோட்டில் பிடித்திருந்த வடக்கயிறு விழுந்ததும் றெனால்டின் படகுதான் முதலில் பாய்ந்தது. டினேஷ் எஞ்சின் கயிற்றை மூன்று முறை இழுத்த பிறகுதான் அவனுடைய எஞ்சின் பற்றியிருந்தது. தொடக்கக் கோட்டிலேயே தடுமாறியவன். வளைவு நெளிவு இல்லாத நேர் ஓட்டம், கொடிக்கம்பம் வரை. நடுவில் றெனால்டின் படகு மூக்கை உயர்த்தி அலையில் அறைந்துகொண்டிருக்க, டினேஷ் எஞ்சினின் நீண்ட பிடியை விடாமல் முன்னுக்குத் தவழ்ந்து வந்து படுத்து, படகைத் தண்ணீரோடு ஒட்டவைத்துக்கொண்டு தாண்டிப் போனான்.

றெனால்டின் கண்ணுக்கு அந்தப் படுக்கை தெரியவில்லை. சிவப்புச் சட்டை மட்டும் தெரிந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் பெனடிக்ற். "முறைப்பாடு எண்டா ரெண்டு எஞ்சினும் திறக்கவேணும். அவன்ரயும், உன்ரயும். அவன்ரயில பிழை இருந்தா வெற்றி உனக்கு. இல்லையெண்டா ரெண்டு வருசம் நீ இஞ்ச ஓடேலாது."

"வெண்டவருக்குத்தான் அடுத்த வருசம் கம்பனி உதவி" என்று ஜுனைதீன் நினைவூட்டினார். "அது இந்த ஓட்டத்தோட முடிவாகும்."

அதற்காகத்தானே இத்தனையும். றெனால்ட் வாயைத் திறக்கும் முன் யாரோ அவனுடைய ஈரக் கையைப் பிடித்தார்கள். நிறஞ்சலா. சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். பள்ளிமுனையில் எஞ்சின் திருத்தும் கடை அவளுடையது. தகப்பன் விட்டுப்போன கடை. கணவனின் எஞ்சினையும் தம்பியின் எஞ்சினையும் ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்தியவள் அவள்தான். நேற்றுக் காலை குழுவிடம் அளவு பார்க்கக் கொண்டு போனதும் அவள்தான்.

"விடுங்கோ. வீட்ட போவம்."

"ஏன்?"

"ரெண்டாவதும் பெரிய விசயம்தான். சனத்துக்கு முன்னால வேண்டாம்."

றெனால்ட் கையை உதறினான். அவள் முகம் வெளிறியிருப்பதைப் பார்த்தான். மூன்று மாதமாக அவனுக்குள் இருந்த இன்னொரு முள் அப்போதுதான் வெளியே வந்தது.

"விளங்குது. உன்ர கைதானே உள்ளுக்கப் போனது. தம்பிக்கு எண்டா ஒருமாதிரி, புருசனுக்கு எண்டா ஒருமாதிரி. திறந்தா உன்ர வேலையும் வெளியில வரும் எண்டு பயப்பிடுறாய்."

"அக்காவை அப்பிடிச் சொல்லாதேங்கோ அத்தான்" என்றான் டினேஷ். முதல் தடவையாக அவனுடைய குரல் கடினமாயிற்று. "திறவுங்கோ அண்ணை. எனக்கு ஒரு பயமும் இல்லை."

"டினேஷ், நீ சும்மா இரு" என்றாள் நிறஞ்சலா.

"பாத்தீங்களோ" என்றான் றெனால்ட் சனத்தைப் பார்த்து. "ஆர் பதறுறது எண்டு பாத்தீங்களோ. திறவுங்கோ."

இரண்டு படகுகளையும் பக்கம் பக்கமாக இழுத்து வைத்தார்கள். இரண்டு எஞ்சின்களும் ஒரே கறுப்புப் பூச்சில் மினுங்கின. பெருநாளுக்காக நிறஞ்சலா இரண்டுக்கும் அடிமுதல் புதுப்பூச்சு அடித்திருந்தாள். வித்தியாசம் மேல்மூடியில் மட்டும்தான். டினேஷினதில் கம்பனியின் சிவப்பு எழுத்து. றெனால்டினதில் வெயிலில் வெளுத்துப்போன பழைய மூடி.

பெனடிக்ற் முதலில் டினேஷின் படகில் ஏறினார். நேற்றுத் தானே வைத்த ஈயமுத்திரையை எல்லாருக்கும் காட்டினார். உடையவில்லை. குறட்டால் வெட்டினார். சிவப்பு எழுத்து மூடியைத் தூக்கினார்.

உள்ளே உப்புக் கறை. துருப்பிடித்த ஆணித்தலைகள். எண்ணெய்க் குழாயின் கழுத்தில் வழமையான வளையத்துக்குப் பதிலாகத் தங்கூசி சுற்றி இறுக்கியிருந்தது. சூடை மீன் வலை பொத்துகிற நைலோன் நூல். முடிச்சின் நுனி பல்லால் கடித்து வெட்டப்பட்டிருந்தது.

ஜுனைதீன் குடையை மடக்கினார். "இது என்ன? மூண்டு மாசத்தில புது எஞ்சின் இப்பிடி ஆகுமோ?"

பெனடிக்ற் அளவுகோலை விட்டுப் பார்த்தார். காபரேற்றரின் துளையைப் பார்த்தார். "அளவெல்லாம் சரி. ஒரு இடத்திலயும் கை வைக்கேல்ல. நல்லாத் தேஞ்ச எஞ்சின், அவ்வளவுதான். இந்தத் தங்கூசி ஆர் கட்டினது?"

றெனால்ட் குனிந்து பார்த்தான். அந்த முடிச்சை அவனுக்குத் தெரியும். மார்கழிக் காற்றில், நடுக்கடலில், குழாய் கழன்றபோது பல்லால் கடித்து அவன் போட்ட முடிச்சு.

அவன் திரும்பித் தன் படகைப் பார்த்தான்.

"அடுத்ததைத் திறவுங்கோ" என்றார் ஜுனைதீன்.

"வேண்டாம் அண்ணை" என்றான் றெனால்ட். "நான் முறைப்பாட்டை எடுக்கிறன்."

"இப்ப எடுக்கேலாது."

வெளுத்த மூடி எழுந்தது. உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. புது உலோகம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஜுனைதீன் குனிந்து பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்தார். தொலைபேசியை எடுத்து ஒரு படத்தோடு ஒப்பிட்டார்.

"இது நான் டினேஷுக்குக் குடுத்தது."

பின்வரிசையில் யாரோ கேட்டார்: "அப்ப கம்பனி எஞ்சினில ஓடித்தான் றெனால்ட் தோத்தவனோ?"

றெனால்ட் டினேஷ் பக்கம் திரும்பினான். "நீயா?"

"சத்தியமா எனக்கும் இப்பதான் தெரியும் அத்தான். மூண்டு தரம் இழுத்தும் பத்தேல்ல. புதுசுக்கு என்ன வந்தது எண்டுதான் யோசிச்சன்."

எல்லாருடைய கண்ணும் ஒருத்தியிடம் போனது. நேற்று அளவு பார்த்தபோது எஞ்சின் சரியா என்றுதான் கேட்டார்கள். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. மேலே இருந்த மூடியை நம்பினார்கள்.

"நான்தான் மாத்தினனான்" என்றாள் நிறஞ்சலா.

"ஏன்?" என்றான் றெனால்ட்.

அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள். கோபமில்லை, சத்தமில்லை.

"மூண்டு மாசமா நித்திரையிலயும் அந்த எஞ்சின் எண்டுதான் புலம்பினீங்கள். அது கிடைச்சா வெல்லுவன், கிடைச்சா வெல்லுவன் எண்டு. வெண்டா ஒருத்தரும் திறக்கச் சொல்லமாட்டினம், டினேஷ் ஒரு நாளும் முறைப்பாடு சொல்லமாட்டான். பிறகு பழையபடி மாத்தி வைக்கலாம் எண்டு நினைச்சன்."

சேலை நுனியால் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தாள்.

"நீங்கள் வெல்லுவீங்கள் எண்டு நம்பித்தான் செய்தனான்."