துக்கம் கேட்க வந்த மஞ்சள் பனியன்கள்

காலையில் கடையைத் திறக்கப் போனால், இரும்புக் கதவில் சிவப்புச் சாயத்தில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது: ‘சுற்றுலாப் பயணியே, வீட்டுக்குப் போ.’ ஸ்பானிஷ் கடற்கரை ஊரான சாந்தா பொன்சாவில் பதினெட்டு வருஷமாக மதுக்கடை நடத்துகிறேன். கடையின் பேர் ‘நொண்டிக் கிடாரி’. என் கதவில் இதுவரை எவனும் கைவைத்ததில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதைவிட ஆத்திரம், அந்த எழுத்துக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பயல்களைப் பார்த்துத்தான்.

பதினேழு பேரும் அயர்லாந்தில் என் சொந்த ரோஸ்காமன் பக்கத்துப் பயல்கள். ஊர்க் கால்பந்து அணி. இறுதிப் போட்டியில் செமத்தியாக உதை வாங்கியிருந்தார்கள். ஆனால் ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் விமானச் சீட்டை முன்பே போட்டுத் தொலைத்துவிட்டதால் கொண்டாட வந்துவிட்டார்கள்.

"டேய் ஃபின்டன், என்னடா இளிப்பு? உங்களத்தான்டா போகச் சொல்றான்," என்றேன் அணித்தலைவனிடம்.

"நம்மள இல்லக்கா. இது இங்கிலாந்துக்காரனுக்கு எழுதினது. நம்மள யாருக்குக்கா பிடிக்காது?"

எங்கள் இனத்துக்கே உள்ள வியாதி இது. உலகத்தில் யார் யாரை வெறுத்தாலும் எங்களை மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள் என்ற நினைப்பு. போன வாரம் டப்ளின் வானொலிக்காரன் ஒருத்தன் ஃபோன் போட்டு, "அங்க நம்ம பிள்ளைங்கள வெறுக்கிறாங்களாமே, நிஜமா?" என்று கேட்டான். "வெறுப்பா? எங்களையா? கண்ணு மாதிரி பாத்துக்கிறாங்க!" என்று நானும்தான் அளந்தேன். அந்நேரம் பார்த்து மாடியில் மார்கலீதா என் தலைக்கு மேலே தரையைக் காலால் இடித்துக்கொண்டிருந்தாள். என்ன சத்தம் என்று கேட்டான். ஆணி அடிக்கிறார்கள் என்றேன்.

மார்கலீதா என் கடை இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர் டோமேயுவின் அக்கா. எழுபது வயது. அயர்லாந்து, இங்கிலாந்து என்ற பேதமெல்லாம் அவளிடம் செல்லாது. வெயிலில் சிவந்து திரிகிறவர்களைக் காட்டி, வெந்த இறாலைப் பார்த்து இது எந்தக் கடல் என்று யார் கேட்கிறார்கள் என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவளுடைய பூந்தொட்டியில் வாந்தி எடுத்தவன் உண்டு. அவளுடைய மிதியடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவள் வாசலிலேயே விடிய விடியத் தூங்கினவனும் உண்டு. பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டோமேயு தங்கமான மனுஷன். அவர் இருந்தவரை அக்காவின் கத்தலை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். வருஷா வருஷம் ஒரு கை குலுக்கலில் குத்தகையைப் புதுப்பித்துக் கொடுத்தார்.

‘இருந்தவரை’ என்று சொல்கிறேன் இல்லையா. அந்தக் காலையில், பயல்கள் இளித்துக்கொண்டு நிற்கும்போதே, மார்கலீதா தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்திப் படி இறங்கி வந்தாள்.

"தம்பி ராத்திரி போயிட்டான். நெஞ்சுவலி," என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் மாதா கோயில்ல பூசை. அது முடியட்டும், கடை விஷயமா உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

பயல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடிப்பதற்குள் கடை ஞாபகம் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு குத்தகை முடிகிறது. இனி கட்டடம் அவளுடையது. அவள் கையெழுத்துப் போடவில்லை என்றால் கடை போச்சு. ஐம்பத்தெட்டு வயதில் நான் ரோஸ்காமனுக்குத் திரும்பி, ஒரே தேயிலைப் பையில் மூன்று பேருக்குத் தேநீர் போடும் என் தம்பி பெண்டாட்டியிடம் போய் ஒண்ட வேண்டும். அதைவிட டோமேயுவோடு என்னையும் சேர்த்துப் புதைத்துவிடலாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பயல்களைக் கூப்பிட்டேன். "கேட்டுக்கோங்கடா. கட்டடத்துச் சொந்தக்காரர் போயிட்டார். நாளைக்குக் கடை கிடையாது. நீங்க யாரும் அந்தக் கோயில் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது. கடற்கரைக்குப் போங்க, கருகிச் சாவுங்க, எனக்குத் தெரியாது."

ஃபின்டனின் முகம் செத்துவிட்டது. "என்னக்கா இப்படிச் சொல்றீங்க? அஞ்சு நாளா அவர் கட்டடத்துல குடிச்சிருக்கோம். சாவுக்குப் போகலன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னை வீட்டுல சேக்க மாட்டா."

"உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். வந்தீங்க, காலை முறிச்சிடுவேன்."

இது என்ன பிடிவாதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் ஊரில் அப்படித்தான். என்றைக்கோ ஒருநாள் உங்களுக்கு டயர் விற்றவன் செத்தாலும் போயாக வேண்டும். ஊரே வரிசையில் நிற்கும். ஒவ்வொருத்தராக வீட்டாரின் கையைப் பிடித்து, தலை குனிந்து, ஒரே ஒரு வாசகத்தைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். அப்புறம் ரொட்டியும் பன்றிக்கறியும் தின்றபடி செத்தவனைப் பற்றிக் கிசுகிசு பேசலாம்.

மறுநாள் பூசை முடிந்தது. மார்கலீதா பலிபீடத்துக்குக் கீழே நின்றாள். பக்கத்தில் இரண்டு மருமகன்கள். துக்கம் கேட்கிறவர்கள் வரிசையாகப் போனார்கள். நானும் போய் நின்றேன். ‘உங்கள் துக்கத்தில் எனக்கும் பங்கு’ என்று ஸ்பானிஷ்காரர்கள் சொல்லும் வாசகத்தைப் பிசகில்லாமல் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். கடையும் கூடவே நாக்கு நுனியில்தான் இருந்தது.

அப்போது வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. திரும்பினேன். மஞ்சள். பதினேழு மஞ்சள் பனியன், பதினேழு சிவந்த மூஞ்சி. தலையில் தண்ணீர் போட்டுப் படிய வாரியிருந்தான்கள். பனியனைக் கால்சட்டைக்குள் செருகியிருந்தான்கள். வரிசையை விட்டு ஓடினேன்.

"டேய், சனியன்களா! வெளிய போங்கடா!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கறுப்புச் சட்டை யாரும் எடுத்துட்டு வரலக்கா. இதுதான் துவச்சது," என்றான் ஃபின்டன். "கவலப்படாதீங்க. என்ன சொல்லணும்னு ஃபோன்ல போட்டு ஸ்பானிஷ்ல எடுத்துட்டோம். எல்லாரும் மனப்பாடம் பண்ணியாச்சு."

"என்னத்தடா எடுத்தீங்க?"

அதற்குள் வரிசையோடு நகர்ந்துவிட்டான். நான் விட்டுவந்த இடமும் போய்விட்டது. பதினேழு பேருக்கும் பின்னால் போய் நின்றேன்.

ஃபின்டன் மார்கலீதாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தான். தலை குனிந்தான். நல்ல சத்தமாக, தெளிவாகச் சொன்னான்:

"தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

எங்கள் ஊர் இங்கிலீஷில் துக்கத்துக்கும் தொந்தரவுக்கும் ‘ட்ரபிள்’ என்ற ஒரே சொல்தான். வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் அப்படியே ‘சாரி’. ‘உங்க துக்கத்துக்கு வருந்துறோம்’ என்று பாவம் இவன்கள் போட்டிருக்கிறான்கள். அந்தப் பாழாய்ப்போன ஃபோன், தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு நகராட்சி வைக்கிற பலகையில் இருப்பதை எடுத்துக் கொடுத்திருக்கிறது.

மார்கலீதா திகைத்து நின்றாள். அடுத்தவன் வந்தான். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்." அதற்கடுத்தவன். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்." மலாக்கி என்ற செம்பட்டைத் தலையன் அவளிடம் சொல்லி, மருமகன்களிடம் சொல்லி, பாதிரியாரிடம் சொல்லி, சவப்பெட்டி தூக்க வந்த ஆளிடமும் சொல்லிக் கைகுலுக்கினான். கோயிலில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மருமகன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். ஒழிந்தோம் என்று நினைத்தேன்.

ஆனால் பாதி வரிசை போவதற்குள் மார்கலீதா அந்தக் கைகளைச் சட்டென்று விடுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு மூஞ்சியையும் நிமிர்ந்து பார்த்தாள். கடைசிப் பயலின் கன்னத்தில் தட்டி, "இருக்கட்டும் மகனே," என்றாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

என் முறை வந்தது.

"நீ சொல்லிக்குடுத்ததா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கடை அங்கேயே கைக்கு வந்திருக்கும். "இல்ல," என்றேன். "வரவே கூடாதுன்னுதான் சொன்னேன். அவங்களா வந்தாங்க. அவங்க சொல்ல வந்ததும் வேற. ஃபோன் தப்பாக் குடுத்துடுச்சு."

"அது எனக்குத் தெரியாதா? இழவு வீட்டுல எவன் அப்படிச் சொல்லுவான்?" என்றாள். "அந்தப் பசங்களுக்கு என்ன சொல்றோம்னே தெரியல. உனக்கு ஸ்பானிஷ் தெரியும். நீ என்ன சொல்லப்போற?"

பிசகில்லாத வாசகம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு மரியாதையாக நகர்ந்திருக்கலாம். ஏனோ என் வாய் அதைச் சொல்லவில்லை.

"தொந்தரவுக்கு மன்னிக்கவும், மார்கலீதா."

அவள் என் கையை விடவில்லை. "தெரிஞ்சேதான் சொல்றியா?"

"தெரிஞ்சேதான் சொல்றேன்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தாள். அப்புறம்தான், "கடைய நடத்து," என்றாள்.