ஏழு நிமிடம் பதினாறு செக்கன்

அப்துல் கபூருக்கு அறுபத்தாறு வயது. அடையாள அட்டையைக் கேட்டால் அது அறுபத்து நாலு என்று சொல்லும். பிறப்பைப் பதியப் போன கபூரின் வாப்பா, பிள்ளை நாளைக்கு அரசாங்க உத்தியோகம் பார்ப்பான், இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளம் எடுக்கட்டும் என்ற முன்யோசனையில் இரண்டு வருஷத்தை அங்கேயே விழுங்கிவிட்டார். வாப்பா போட்ட திட்டம் தப்பவில்லை. கபூர் தபாலதிபராகி, அந்த இரண்டு வருஷமும் முத்திரை குத்திச் சம்பளம் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். ஆனால் மகன் இந்த வயதில் கால்சட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடுவான் என்று மட்டும் அந்த நல்ல மனிதர் யோசித்துப் பார்க்கவில்லை.

கபூர் ஓடுவதற்குக் காரணம் அச்சிமுகம்மது. கல்முனை பஸாரில் சீமெந்தும் கம்பியும் ஆணியும் விற்கிற அச்சிமுகம்மதுவும் கபூரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பதினாறு வயதில் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடினார்கள். அச்சிமுகம்மது முதலாவது, கபூர் இரண்டாவது. அதற்குப் பிறகு உத்தியோகம், கலியாணம், பிள்ளைகுட்டி என்று ஆளுக்கொரு பக்கம் போனாலும் அந்த இரண்டாவது இடம் கபூரின் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

நாலு வருஷத்துக்கு முன் இரண்டு பேரும் விடியற்காலையில் ஸுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்கத் தொடங்கினார்கள். நடை என்றுதான் பெயர். ஒருவர் அரை அடி முன்னால் போனால் மற்றவருக்குப் பொறுக்காது. அவர் கொஞ்சம் எட்டி வைப்பார், இவர் இன்னும் கொஞ்சம் எட்டி வைப்பார். இப்படியே எட்டி எட்டி வைத்து ஒரு மாதத்துக்குள் கல்முனைக்குடிக் கடற்கரையில் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழவர்கள் தலைதெறிக்க ஓடும் காட்சியைக் கரைவலைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும் நிலைமை வந்தது. அதற்குப் பிறகுதான் மானம் கருதிச் சப்பாத்தும் கால்சட்டையும் வாங்கினார்கள்.

"ரெண்டு பேருக்கும் பேரப்புள்ளைகள் ஏழெட்டு இரிக்கி. வெக்கம் வேணாமா?" என்று கபூரின் மனைவி நபீஸா கேட்காத நாள் இல்லை. கேட்டுவிட்டு, வியர்வைச் சட்டையைத் தோய்த்தும் போடுவாள்.

நாலு வருஷத்தில் கபூர் அச்சிமுகம்மதுவை ஒரு நாளாவது முந்தவில்லை. காலில் வேகம் குறைந்து அல்ல, அச்சிமுகம்மது மகா கள்ளன். "இன்டைக்கு முழங்கால் நோவுது மச்சான், மெதுவா வாறன்" என்று நொண்டுவார். கபூர் இரக்கப்பட்டு மெதுவாக ஓடினால் கடைசி இருநூறு மீற்றரில் நொண்டிக் கால் பறக்கும். இன்னொரு நாள் பின்னாலிருந்து புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டு நெருங்குவது போல் காட்டுவார். கபூர் பயந்துபோய்ப் பாதி வழியிலேயே முழுப் பலத்தையும் கொட்டிவிடுவார். கடைசியில் அச்சிமுகம்மது சும்மா காற்று வாங்கப் போகிறவர் போல் கடந்து போவார். அன்று முழுக்கக் கபூருக்குத் தேத்தண்ணி கசக்கும்.

இந்த வருஷம் ஊர் விளையாட்டுக் கழகம் மூத்தோருக்கு மெய்வல்லுநர் போட்டி வைத்தது. கபூர் மூன்று மாதமாக ஆயத்தம் செய்தார். மைதானத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை ஓடிப் பார்த்து, தன்னுடைய ஆகச் சிறந்த நேரத்தை ஏழு நிமிடம் இருபத்தைந்து செக்கனுக்குக் கொண்டுவந்தார். சாவதற்கு முன் அச்சிமுகம்மதுவை ஒரே ஒரு தரம் வெல்ல வேண்டும். வேறு பெரிய ஆசை அவருக்கு இல்லை. ஹஜ்ஜும் செய்துவிட்டார்.

போட்டி நாளன்று பெயர் கொடுக்கும் மேசையில்தான் வாப்பாவின் முன்யோசனை குறுக்கே வந்து நின்றது. அறுபத்தைந்துக்கு மேற்பட்டோர் ஒரு ஓட்டம், அறுபதுக்கு மேற்பட்டோர் வேறு ஓட்டம். அச்சிமுகம்மது முதலாவதில். அடையாள அட்டைப்படி கபூர் இரண்டாவதில்.

"தம்பி, எனக்கு அறுபத்தாறு. இவனை விட நான் மூணு மாசம் மூப்பு" என்றார் கபூர்.

மேசையில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாரும் வயசக் குறைக்கத்தான் வருவாங்க ஹாஜியார். நீங்க கூட்டக் கேக்கிறீங்க. அட்டையில உள்ளதத்தான் நாங்க எழுத ஏலும்."

கபூரின் முகம் விழுந்துவிட்டது. மூன்று மாத உழைப்பும் யாரோ முன்பின் தெரியாத ஆட்களோடு ஓடவா? அச்சிமுகம்மதுதான் தோளில் தட்டினார்.

"மூஞ்சியத் தூக்காத மச்சான். நான் முதல்ல ஓடுறன். என்ட நேரம் ஒனக்குத் தெரியும். நீ அந்த நேரத்தோட ஓடு. நேரம் குறைஞ்சவன் வெண்டான். சரிதானே?"

சரிதான். கபூருக்கு உயிர் வந்தது.

பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட முந்நூறு மீற்றர்ப் பாதை. ஐந்து சுற்று ஓட வேண்டும். அச்சிமுகம்மது ஐந்து சுற்றையும் ஒரே சீராக ஓடி இரண்டாவதாக வந்தார். நேரம் ஏழு நிமிடம் பதினாறு செக்கன். அவருடைய ஆகச் சிறந்த நேரத்தை விட ஆறு செக்கன் கூட. இன்று அவருக்கு அவ்வளவு நல்ல நாளில்லை என்று கண்டதும் கபூருக்கு உள்ளே குதூகலம். பதினாறு! எட்டிப் பிடிக்கலாம். அந்தக் குதூகலம் வெளியே தெரியாமல் முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டார்.

இருபது நிமிடம் கழித்துக் கபூரின் ஓட்டம். ஒரே ஒரு சிக்கல்தான். ஓடும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவதால் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தில் நேரம் கபூருக்குத் தெரியாது. அச்சிமுகம்மது அதற்கும் வழி சொன்னார். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய கடிகாரம் அவரிடம் இருந்தது. அவர் சற்று முன் ஓடிய ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு எடுத்தது என்பதையெல்லாம் அது வைத்திருக்கும்.

"நான் கோட்டடியில நிக்கிறன். ஒவ்வொரு சுத்துக்கும் நீ என்ன விட முந்தியா பிந்தியா எண்டு கத்துறன்."

கபூர் தலையாட்டினார். ஆட்டும்போதே மனதுக்குள், அட கள்ளா, கடைசியில் என் ஓட்டத்தையும் நீயே ஓட்டப் பார்க்கிறாயா என்று நினைத்தார்.

துவக்குச் சத்தம் கேட்டது. ஆறு பேர். மற்ற ஐவரும் அறுபது, அறுபத்தொன்று வயதுப் பொடியன்கள். கபூரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கபூர் அவர்களைப் பார்க்கவே இல்லை. அவருக்கு முன்னால் ஓடியது ஒரே ஒரு ஆள், அந்த ஆள் கோட்டடியில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

முதல் சுற்று முடிந்தது. "ரெண்டு செக்கன் முந்தி!" என்று அச்சிமுகம்மது கத்தினார்.

கபூர் சந்தோஷப்பட்டார். இரண்டாம் சுற்றில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. கடல் காற்று ஒரு பக்கம் தள்ளியது, மறுபக்கம் மறித்தது. கோட்டைக் கடந்தபோது, "சரி சமன்!" என்று குரல் கேட்டது.

மூன்றாம் சுற்று முடிவில் அச்சிமுகம்மது பாதையின் ஓரத்துக்கே வந்துவிட்டார். "மூணு செக்கன் பிந்தி! இழு மச்சான், இழு!"

அங்கேதான் கபூருக்குப் புத்தி வேலை செய்தது, அல்லது வேலை செய்வதாக அவர் நினைத்தார். பிந்தியா? கால்கள் இவ்வளவு நன்றாக ஓடுகின்றன, எப்படிப் பிந்தும்? இது அந்தப் பழைய புஸ்புஸ் வேலை. இன்னும் இரண்டு சுற்று இருக்கும்போதே என்னை விரட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் கொட்ட வைத்து, கடைசிச் சுற்றில் நாக்குத் தள்ள வைக்கப் பார்க்கிறான். நாலு வருஷம் ஏமாந்தது போதாதா? கபூர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நான்காம் சுற்றைத் தன் விருப்பப்படி, அவசரப்படாமல், கடைசிச் சுற்றுக்குப் பலத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓடினார்.

கோட்டை நெருங்கும்போது அச்சிமுகம்மது இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். "ஆறு செக்கன் பிந்தி! ஆறு!"

கபூர் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். உன் பருப்பு இங்கே வேகாது என்று அதற்கு அர்த்தம்.

கபூர் நம்பவில்லை என்பது அப்போதுதான் அச்சிமுகம்மதுவுக்கு விளங்கியது. அவர் பாதையின் உட்பக்கத்தால் கபூரோடு கூடவே ஓடி வந்தார். ஓடிக் களைத்த கால், சப்பாத்தும் கழற்றியிருந்தது.

"வல்லாஹி! ஆறு செக்கன் பிந்தி! வல்லாஹி!"

அந்தச் சொல் கபூரின் காதில் அறைந்தது. அச்சிமுகம்மது ஆயிரம் புளுகுவார். ஆனால் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்து கபூர் கேட்டதில்லை. கடையில் வாடிக்கையாளர் யாராவது, "நல்ல சீமெந்துதானே, சத்தியம் பண்ணுங்க" என்றால், "வேணுமெண்டா வாங்குங்க, வேணாட்டி வைங்க, சீமெந்துக்கெல்லாம் அல்லாஹ்வ இழுக்க நான் தயாரில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆள். வியாபாரம் போனாலும் போகட்டும் என்று இருப்பார்.

கபூர் ஓடினார். சேர்த்து வைத்தது, வைக்காதது எல்லாவற்றையும் போட்டு ஓடினார். முதல் வளைவில் ஒருவரை முந்தினார், யாரென்றும் பார்க்கவில்லை. நெஞ்சு எரிந்தது, தொடை கல்லாக இறுகியது. எதிர்க்காற்றுப் பக்கத்தில் வாய்விட்டு "யா அல்லாஹ்" என்றார். கடைசி ஐம்பது மீற்றரில் கோடு தெரிந்தது, கோட்டுக்குப் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த ஒரு தலையும் தெரிந்தது. கடந்து போய்ப் புல்லில் விழுந்தார்.

நேரம் எடுப்பவர் வந்து சொன்னார். "ஹாஜியார், அஞ்சாவது. ஏழு நிமிசம் பதினேழு செக்கன்."

ஒரு செக்கன்.

கபூர் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. அச்சிமுகம்மது வந்து, காலடியில் குந்தி, கபூரின் சப்பாத்தைக் கழற்றிப் பெருவிரலை மடக்கிப் பிடித்தார். வழக்கமாக ஓட்டம் முடிந்தால் அவர் வாய் மூடாது. இன்று மூடியிருந்தது.

"எட்டுச் செக்கன் குறைச்சிட்டன்" என்றார் கபூர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "இவ்வளவு கெதியா நான் ஓடினதே இல்ல."

அச்சிமுகம்மது பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ஓட்டத்துக்கு என்னச் சத்தியம் பண்ண வச்சிட்டியேடா."

கபூர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். "நீ பொய் சொல்றாய் எண்டு நினைச்சன்."

"முழங்கால் நோ எண்டு பொய் சொல்லுவன். ராவு நித்திரை இல்ல எண்டும் சொல்லுவன். ஓடிக்கிட்டிரிக்கிற மனிசனுக்கு நேரத்தப் பொய் சொல்லுவனா? அது வேறடா. நம்மளிட்ட மிஞ்சி இரிக்கிற ஓட்டமே கொஞ்சம்தான்."

கபூர் எழுந்து உட்கார்ந்தார். ஐம்பது வருஷமாகத் தோற்றது ஒரு நாளும் இப்படி வலித்ததில்லை. தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நண்பனைச் சந்தேகித்ததில் வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிக்க மச்சான்" என்றார்.

"விடு."

ஒலிபெருக்கியில் அறுபத்தைந்துக்கு மேற்பட்டோர் பரிசுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். இரண்டாவது இடம், அச்சிமுகம்மது. அவர் அசையவில்லை, மற்றக் காலைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தார்.

கேட்கக் கூடாது என்று நினைத்தும் கபூர் கேட்டுவிட்டார். "மூணாம் சுத்துல ஒன்ட சொல்லை நம்பி இழுத்திரிந்தா?"

அச்சிமுகம்மது இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பகிடி இல்லை, கள்ளம் இல்லை.

"ஓம். நீ வெண்டிரிப்பாய்."

பதினாறு வயதிலிருந்து கபூர் அந்த ஆளின் வாயால் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். கேட்டாயிற்று. ஆனால் நெஞ்சில் சந்தோஷம் எங்கே என்று தேடினால், பாதை ஓரத்தில் வெறுங்காலோடு வல்லாஹி, வல்லாஹி என்று கத்திக்கொண்டு கூடவே ஓடி வந்த மனிதன்தான் அங்கே நின்றான். கபூர் அச்சிமுகம்மதுவின் கையைக் காலிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி மறுபடியும் பெயரைக் கூப்பிட்டது.

"கூப்பிடுறாங்க, போடா."

"ஒனக்கு ஏலுமா? எழும்பி நிக்க ஏலுமா?"

"ஏலும்" என்றார் கபூர். கொஞ்சமும் ஏலாது. ஆனாலும் நண்பரின் தோளைப் பிடித்து எழும்பி நின்று, அவர் மேடைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் உட்காராமல் கைதட்டினார்.