கழற்றி வைத்த ஜன்னல்கள்

வகுப்பறை ஜன்னல் கதவுகளை எல்லாம் கழற்றிவிடுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னபோது, தச்சருக்குத் தன் காதின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. கதவு மாட்டத்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். இந்தம்மா என்னடாவென்றால் நல்லாயிருக்கிற கதவுகளைக் கழற்றச் சொல்கிறார். ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்து ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்தார். நினைத்ததை வாய்விட்டுக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. பெரிய டீச்சரிடம் சின்ன வயதில் காது திருகு வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. சின்ன டீச்சர் என்றால் அவருடைய கூடப் பிறந்த தங்கை, அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். அக்காளுக்கும் தங்கைக்கும் வாய்ச்சண்டை போடாமல் ஒரு நாள் போகாது. ஆனால் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்த அன்று, வேறு யாரையும் யோசிக்கவிடாமல் தன்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னவர் பெரிய டீச்சர்தான். அதையும் சும்மா கொடுத்துவிட்டுப் போகிற ஆளா அவர்? பார்க்கும்போதெல்லாம் "என் பொருள் எப்படி இருக்கு?" என்று கேட்பார். "பத்திரமா வெச்சிருக்கேன், போ" என்று தங்கை பதில் சொல்லுவாள். இது அவர்களுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்கிற மாதிரி.

அந்தச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சின்ன டீச்சர் தினமும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். மாத்திரையின் வேலையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதுதான். மற்றவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுப் போகிற சளிக்கு அவள் ஆஸ்பத்திரியில் படுப்பாள். இந்தப் புதுக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டதற்கு, வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் அவர் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பள்ளியோ மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. போனில் பாடம் நடத்துவதெல்லாம் கண்துடைப்பு என்பது நடத்தியவர்களுக்கே தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்தே தெரியாமல் இரண்டாம் வகுப்புக்குப் போய் உட்காரப் போகிறார்கள். எப்போது திறப்பீர்கள் என்று பாதிப் பெற்றோர் உயிரை எடுத்தார்கள். திறந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மீதிப் பேர் மிரட்டினார்கள். மேலிடத்தில் கேட்டால், நிலைமையைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள் என்று அழகாகக் கை கழுவிவிட்டார்கள். நோய்க்குக் கைகழுவச் சொன்னவர்கள் முதலில் கழுவியது இதைத்தான்.

நோய் குறைந்துவிட்டது, திங்கட்கிழமை திறக்கலாம் என்று கடைசியில் முடிவானது. தங்கையை வர வேண்டாம் என்று பெரிய டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் பிடி கொடுக்கவில்லை. என் பிள்ளைகளுக்கு வேறு ஒருத்தி வந்து எழுத்து சொல்லித் தருவாளா என்று ஒரே பிடிவாதம். சின்ன டீச்சரின் புருஷன் ஒரு மாலை பெரிய டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூட வரவில்லை.

"டாக்டர் வேண்டாம்னுதான் சொல்றார், அக்கா. இவ கேக்க மாட்டேங்கிறா. நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன்."

அந்த வார்த்தை பெரிய டீச்சரின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை பார்த்தார். பாதிப் பெஞ்சுகளைத் தூக்கிச் சாமான் அறையில் அடைத்தார். குழாயடியில் சோப்பு, வாசலில் காய்ச்சல் பார்க்கிற கருவி, கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் தள்ளித் தள்ளி நிற்க வட்டங்கள். காற்று ஓடாத அறைதான் இந்த நோய்க்குப் பிடித்த இடம் என்று எங்கேயோ படித்திருந்தார். பள்ளிக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றால் ஆசிரியர்கள் தலையாட்டுவார்கள். ஹாரன் சத்தம் கேட்டதும் சாத்திவிடுவார்கள். அவர்களைத் தெரியாதா அவருக்கு? கதவே இல்லாவிட்டால் எதைச் சாத்துவார்கள்? அதற்குத்தான் தச்சரைக் கூப்பிட்டது.

வேலை முடிந்தபோது ஒவ்வொரு வகுப்பிலும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. சும்மா சொல்லக் கூடாது, அதைவிடப் பாதுகாப்பான வகுப்பறையை யாரும் பார்த்திருக்க முடியாது. கழற்றிய கதவுகளை எங்கே வைப்பது என்று தச்சர் கேட்டார். சாமான் அறை பெஞ்சுகளால் நிறைந்திருந்தது. வெளியே வைத்தால் மழையில் போய்விடும்.

"டீச்சர்ஸ் ரூம்ல சாத்தி வைங்க" என்றார் பெரிய டீச்சர்.

தச்சர் அப்படியே செய்தார். ஆசிரியர் அறை சின்ன அறை. நடுவில் ஒரு நீள மேஜை, ஓரத்தில் ஒரு பீரோ, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். கதவுகளைச் சாத்த இருந்த ஒரே சுவரும் ஜன்னல் இருந்த சுவர்தான். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியதில் ஜன்னல் முழுக்க மறைந்தது. வெளிச்சம் போதாமல் விளக்கைப் போட்டுக்கொண்டார்கள். நாலு நாளைக்குத்தானே என்று விட்டுவிட்டார்கள்.

பள்ளியை எப்படிப் பத்திரமாகத் திறப்பது என்று அந்த அறையில்தான் தினமும் மத்தியானம் கூட்டம். அறைக் கதவையும் மூடித்தான் வைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பெற்றோர் யாராவது தாழ்வாரத்தில் நின்று ஒட்டுக்கேட்டு, பாதியைக் காதில் போட்டுக்கொண்டு, மீதியைத் தாங்களே சேர்த்துப் போனில் பரப்பிவிடுவார்கள். கணக்கு வாத்தியாருக்குக் காது மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். மாஸ்க்கை எடுத்துவிட்டுப் பேசுங்களப்பா, எனக்கு மட்டும் என்ன ஊமைப் படமா என்று சலித்துக்கொள்வார். பாவம் மனிதர் என்று எல்லோரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, அவர் காதில் விழும்படி உரக்கப் பேசினார்கள். நடுவில் டீ வரும். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், யார் எந்த வாசல் வழியாக வருவது என்று மேஜையைச் சுற்றித் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து அலசுவார்கள். சின்ன டீச்சர் டிரில் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்காருவாள். இருவருக்கும் எதைச் சொன்னாலும் சிரிப்பு. பிள்ளைகள் இல்லாத அறைதானே என்று யாருக்கும் உறுத்தவில்லை.

கடைசி வாரத்தின் நடுவில் பினாயில் சண்டை வந்தது. தரை துடைக்கிற ஆயா பினாயிலைத் தண்ணீராக்கி ஊற்றுகிறாள் என்று டிரில் மாஸ்டர் ஆரம்பித்தார். தாழ்வாரம் முழுக்க நடந்து பார்த்தேன், மருந்துக்குக் கூட வாசனை இல்லை என்றார். ஆயாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. ரெண்டு மூடி ஊற்றச் சொன்னால் மூணு மூடி ஊற்றுகிறேன், என் கையே வெந்து கிடக்கிறது, வந்து பார் என்று தாழ்வாரத்திலேயே நின்று பிடிபிடியென்று பிடித்தாள். பெரிய டீச்சருக்கு இருந்த வேலையில் இதற்கெல்லாம் ஏது பொறுமை? இன்னும் கொஞ்சம் சேர்த்துத்தான் ஊற்றேன், குறைந்தா போய்விடுவாய் என்று ஆயாவை அடக்கிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை டிரில் மாஸ்டர் வரவில்லை. உடம்பு வலி என்றார். நாள் முழுக்க வெயிலில் குனிந்து வட்டம் போட்டால் வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அவருடைய காலி நாற்காலியில் சின்ன டீச்சர் தன் பையை வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை. கேட் திறக்க இன்னும் நேரம் இருந்தது. வெளியே ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பிள்ளை நின்றது. புது மாஸ்க், அதற்கு மேலே பாதி முகம், முதுகில் பை. தாய்மார்கள் சாலை ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். பெரிய டீச்சர் ஒரு முறை எல்லா வகுப்புகளையும் சுற்றி வந்தார். ஆயா கோபத்தில் பாட்டிலையே கவிழ்த்திருப்பாள் போலிருந்தது. மாஸ்க்கையும் தாண்டி மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

ஒன்றாம் வகுப்பு வாசலில் தங்கை நின்றாள். கரும்பலகையில் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதி முடித்திருந்தாள். மாஸ்க்கை இறக்கி மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"ஆயா இன்னிக்கும் ஏமாத்திட்டாங்களாக்கா? ஒரு வாசனையும் இல்லையே" என்றாள்.

தாழ்வாரத்து மூலையில் வாளியோடு நின்ற ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய டீச்சர் ஆயாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். ஆயாவின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, தாழ்வாரத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார்.

"மோந்து பாரு" என்றார்.

தங்கை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடியே வந்து குனிந்தாள். முகர்ந்தாள். இன்னும் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். மூன்றாம் முறை முகரும்போது அவள் சிரிக்கவில்லை.

"தெரியலக்கா."

பெரிய டீச்சருக்கு டிரில் மாஸ்டர் நினைவுக்கு வந்தார். தாழ்வாரம் முழுக்க நடந்து பார்த்தேன் என்றாரே, பாவி மனிதர். வாசனை தெரியாமல் போவது இந்த நோயின் முதல் அடையாளம் என்று வாசலில் ஒட்டியிருந்த தாளிலேயே போட்டிருந்தது. அதை ஒட்டியவரே டிரில் மாஸ்டர்தான். அதைப் பிள்ளைகளிடம் தேட வேண்டிய அடையாளம் என்றே அத்தனை பேரும் படித்திருந்தார்கள்.

"அங்கேயே நில்லு. ஒரு அடி எடுத்து வைக்காதே" என்றார். குரல் வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலாக இருந்தது. வேறு குரல் அவருக்கு அப்போது வரவில்லை.

தங்கையின் புருஷனுக்குப் போன் செய்தார். வந்திருந்த ஆசிரியர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். கணக்கு வாத்தியார் மட்டும் இன்னும் வரவில்லை. என்றைக்கும் முதல் ஆளாக வருகிறவர். அவருக்குப் போன் அடித்தால், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு கேட்டுக்குப் போய், கம்பிக்கு உள்ளேயே நின்று, இன்று பள்ளி திறக்காது என்று சொன்னார். காரணத்தையும் மறைக்கவில்லை. வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு வந்த ஒரு தகப்பன், இத்தனை மாசம் பேசிப் பேசி என்னத்தைக் கிழித்தீர்கள் என்று கத்தினான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. கலையலாம் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லாததால் அவை அந்தந்த வட்டத்திலேயே நின்றன.

திரும்பி வந்தபோது தங்கை வகுப்பு வாசலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகிற முகமாக இல்லை. கணக்கு வராத பிள்ளையின் முகமாக இருந்தது.

"ஒரு பிள்ளைகூட இன்னும் உள்ள வரலையேக்கா. அப்புறம் எப்படி வந்துச்சு?"

பெரிய டீச்சர் தாழ்வாரத்தின் கோடியில் மூடிக் கிடந்த ஆசிரியர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து போய் அதைத் திறந்தார். சனிக்கிழமை மத்தியானத்தின் புழுக்கம் அப்படியே உள்ளே இருந்தது. விளக்கைப் போட்டார். மேஜை மேல் கழுவாத டீ கிளாஸ்கள், நெருக்கி நெருக்கிப் போட்ட நாற்காலிகள். அதற்குப் பின்னால், ஜன்னலை அடைத்துக்கொண்டு, பள்ளியின் அத்தனை ஜன்னல் கதவுகளும் வரிசையாகச் சாத்தியிருந்தன. விளக்கை அணைக்காமலே வெளியே வந்தார்.

தங்கையின் புருஷன் பின்பக்க வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் ஆத்திரப்படுவார் என்று பெரிய டீச்சர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

"ஜன்னலையெல்லாம் கழட்டிட்டீங்கன்னு பெருமையா சொன்னாளே, அக்கா" என்று மட்டும் கேட்டார்.

"வகுப்புல கழட்டினேன், மாப்பிள்ளை" என்றார் பெரிய டீச்சர். "கழட்டினதைக் கொண்டுபோய் நாங்க உக்காந்த ரூமை அடைச்சேன். நான்தான் அடைச்சேன்."

அவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார். சின்ன டீச்சர் ஏறி உட்கார்ந்தாள். அக்காளின் கை தன்னை அறியாமல் அவளைப் பார்த்து நீண்டு, பாதியில் நின்றது. அறுவைச் சிகிச்சைக்கு அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தபோது கூட எட்டிப் பிடித்துக்கொண்ட கை அது.

வண்டிக்குள்ளிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். அதற்குள் ஒரு இருமல் வந்து போனது. முதல் இருமல்.

"உன் பொருளைப் பத்திரமாத்தான் வெச்சிருந்தேன், அக்கா" என்றாள்.

வண்டி கிளம்பியது. பஸ் நிலையத்துப் புழுதி உள்ளே வரக் கூடாதென்று தங்கையின் புருஷன் வழக்கம்போல் கண்ணாடிகளை ஏற்ற ஆரம்பித்தார். பெரிய டீச்சர் வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

"ஏத்தாதீங்க, மாப்பிள்ளை. தெறந்தே வைங்க. எல்லாத்தையும் தெறந்தே வைங்க."

ஹாரன் சத்தத்தில் அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கண்ணாடி ஏறிக்கொண்டே இருந்தது.